மார்பில் ஒரு சாட்சி, உதிரத்தில் ஒரு சாட்சி

ஏற்காடு ஒண்டிக்கடையில் பனிமூட்டம் கலையாத காலை வேளையில் காபித் தோட்டத்து ஆட்களோடு நிற்கும் எவருக்கும், காலடியிலுள்ள சார்னோகைட் பாறையிலிருந்தும் தலைக்கு மேலுள்ள ஆகாயத்திலிருந்தும் கண்ணுக்குப் புலனாகாத கதிர்கள் தம் சரீரத்தை ஓயாது ஊடுருவிச் செல்கின்றன என்ற நினைவு எழுவதில்லை. சுமார் 1,500 மீட்டர் உயர்ந்த இச்சேர்வராயன் மலையில் விண்வெளிக் கதிர் சமவெளியைவிடச் சற்று அதிகந்தான். உலகில் மனிதர் ஒருவர் இயற்கையிடமிருந்து பெறுவது சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் அளவு கதிர்; ஜீவராசிகள் யாவும் ஆதிமுதல் அதனுடனேயே வாழ்ந்து வந்திருக்கின்றன. ஆனால், வயிற்றுப்பாட்டின் நிமித்தம் அதற்கு மேலும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும் தொழிலாளியின் விஷயத்தைத் தனியே ஆராய வேண்டியிருக்கிறது.

மலையிறங்கிச் சேலத்து ஆஸ்பத்திரி எதிலேனும் எக்ஸ்ரே எடுப்பவரைப் பாருங்கள். ஈய அங்கிக்கு அடியில், மார்பில், ஒரு சிறு பட்டை அணிந்திருப்பார். டி.எல்.டி. பேட்ஜ் என்பார்கள். அதனுள் டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் மூன்று இருக்கின்றன. படும் கதிரின் சக்தியைச் சேமித்து வைக்கும் அவ்வில்லைகள், மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைச்சாலையில் சூடேற்றப்படும்போது அதனை ஒளியாக உமிழ்கின்றன. அவ்வொளியைக் கொண்டு கதிரின் அளவைக் கணக்கிடுகிறார்கள். ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டையும், எந்த ஓராண்டிலும் 30-ஐயும் மிஞ்சலாகாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. எனினும், வேலை அவசரத்தில் பேட்ஜை மேசை இழுப்பறையில் மறந்துவிட்டால், அது இழுப்பறையின் கணக்கைத்தான் சொல்லும். கழற்றி வைக்க முடியாத சாட்சி ஒன்று உண்டு, அது உதிரம்.

எக்ஸ்ரே கதிர் மரபணுக்களை மாற்ற வல்லது என்பதை 1927-இல் பழ ஈக்களைக் கொண்டு நிரூபித்தவர் ஹெர்மன் முல்லர். இன்று, தொழிலாளியிடம் எடுத்த சில மில்லி இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களை 37 டிகிரி வெப்பத்தில் 48 மணி நேரம் வளர்த்து, அவை பிளவுறும் தருணத்தில் கால்சிசின் இட்டு நிறுத்துகிறார்கள்; நம் வேலிகளில் படரும் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள அதே விஷச் சத்துத்தான் அது. சாயமேற்றி நுண்நோக்கியில் பார்க்கையில், இடையில் ஒரே முடிச்சுடன் இருக்கவேண்டிய குரோமோசோம், முறிந்து தவறாக ஒட்டியதனால் இரண்டு முடிச்சுகளுடன் காணப்பட்டால், அது கதிரின் கைவரிசை என்று ஊகிக்கலாம். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்திலும் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் இவ்வித ஆய்வுகள் நடந்துள்ளன.

ஆனால் இச்சாட்சியையும் நிதானத்துடனேயே கேட்க வேண்டும். கதிர்த்தொழில் அறியாதவரிடத்தும் ஆயிரம் வெள்ளணுக்களில் ஒன்று இவ்வாறிருக்கக் கூடுமாதலால், 100 மில்லிசீவர்ட்டுக்குக் குறைந்த பாதிப்பைத் தனி ஒருவரிடம் நிச்சயித்துச் சொல்வது அரிது. வயதும் புகைப்பழக்கமுங்கூட மரபணுச் சிதைவுக்குக் காரணமாகலாம். கதிர் வீசும் மோனசைட் மணல் செறிந்த கேரளக் கடற்கரையில் பல்லாயிரம் பச்சிளங் குழந்தைகளின் கொப்பூழ்க்கொடி இரத்தத்தைச் சோதித்தும், கதிர் குறைந்த ஊர்க் குழந்தைகளினின்று குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை.

ஆகவே, இப்பரிசோதனை ஒருவருடைய தலைவிதியைக் கணிக்கும் ஜாதகமாகாது. ஒரே அறையில் உழைக்கும் பலரிடம் சிதைவு கூடுமாயின், அவ்வறையின் சுவரையும் கருவியையும் வேலைமுறையையும் சீர்ப்படுத்துங்கள் என்று முன்கூட்டியே விடுக்கும் எச்சரிக்கை அது. அம்முடிவைத் தொழிலாளிக்கே முதலில், அவருக்கு விளங்கும் தமிழில், சொல்ல வேண்டும். அதைக் காட்டி அவரை வேலையினின்று விலக்கலாகாது. நம் எலும்பு முறிவைப் படமெடுத்துக் காட்டுகிறவரின் உதிரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அறியும் முதல் உரிமை அவருடையதே.