அடைத்த கதவும் அஞ்சிய மனமும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் அமைந்துள்ளது எங்கள் கிளியனூர். தேவாரத்தில் இவ்வூரின் பெயர் திருக்கிளியன்னவூர். திருஞானசம்பந்தப் பெருமானின் பாடல் பெற்ற இத்தலத்தில் அகிலாண்டேசுவரி அம்மையுடன் அகத்தீசுவரர் எழுந்தருளி அருள்பாலிக்கிறார். வியாச முனிவரின் திருக்குமாரரான சுகப் பிரம்ம மகரிஷி, கிளி வடிவில் வந்து இப்பெருமானை வழிபட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் வரலாறு. சிறு வயதிலிருந்தே இதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆயினும், வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பிய பின்னர், கொரோனா பெருந்தொற்றில் ஊரே நடுங்கிய நாள்களில்தான் அதன் உட்பொருள் எனக்கு விளங்கத் தொடங்கியது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் தமிழகத் திருக்கோயில்களில் பக்தர்களின் தரிசனம் நிறுத்தப்பட்டது. மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. உள்ளே நித்திய பூஜைகள் தடையின்றி நடந்தன. வெளியே நின்று மணியோசையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினோம். போர்க்காலத்திலும் புயற்காலத்திலும்கூடத் திறந்திருந்த வாயில் அடைபட்டதைக் கண்டபோது, 'இறைவனே நம்மைக் கைவிட்டானோ?' என்ற ஐயம் என்னைப் போன்ற முதியோர் பலருக்கும் எழுந்தது. அந்த ஐயத்தின் பின்னால் இருந்தது மரண பயம் என்பதை நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வில்வம் கொண்டு வந்த மூதாட்டி

எங்கள் தெருவில், மூன்று வீடுகள் தள்ளி ஒரு மூதாட்டி வாழ்ந்து வந்தார். இளமையில் மரக்காணம் உப்பளங்களில் பாத்தி மிதித்தும் உப்பு வாரியும் உழைத்தவர். முதுமையில் நாள்தோறும் வில்வம் பறித்து வந்து கோயிலில் சேர்ப்பதைத் தம் தொண்டாகக் கொண்டிருந்தார். கோயில் அடைபட்ட பின்னும் அவர் அதை நிறுத்தவில்லை. வில்வக் கூடையை வாயிற்படியில் வைத்துவிட்டு, "உள்ளே இருக்கிறவருக்குத் தெரியும்" என்று கூறிச் செல்வார்.

அவருடைய ஒரே மகன் சென்னை கோயம்பேடு சந்தையில் சுமை தூக்கும் வேலையில் இருந்தார். 2020 மே மாதத் தொடக்கத்தில் அச்சந்தையில் தொற்று பரவி, மே 5ஆம் நாள் அது மூடப்பட்டது. அங்கு வேலை செய்த ஆயிரக்கணக்கானோர் சொந்த ஊர் திரும்பினர். எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலும் கடலூர், அரியலூர் மாவட்டங்களிலும் தொற்று எண்ணிக்கை விரைந்து உயர்ந்தது. அந்த இளைஞரும் இரவோடு இரவாக வீடு வந்து சேர்ந்தார். பரிசோதனையில் அவருக்குத் தொற்று உறுதியாயிற்று. வீட்டு வாயிலில் தகரம் அடிக்கப்பட்டது.

அன்று முதல் எங்கள் தெருவே மாறிவிட்டது. அந்த வீட்டுக்குப் பால் ஊற்றுவதை நிறுத்தினார்கள். குழாயடிக்கு மூதாட்டி வரக்கூடாது என்றார்கள். வில்வக் கூடையைத் தொட எவரும் துணியவில்லை. நானும் அவர்களில் ஒருவன்தான். சர்க்கரை நோயாளியாகிய நான், அந்த வீட்டை நோக்கிய ஜன்னலை அடைத்துத் தாழிட்டேன். என் மனைவி மட்டும் ஒரு தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு புறப்பட்டாள். தடுத்தேன்.

"ஏங்க, பயமா இருந்தா நீங்க உள்ளேயே இருங்க. நான் முகத்தை மூடிக்கிட்டு, தகரத்துக்கு வெளியே வச்சிட்டு, குரல் கொடுத்துட்டு வந்துடறேன்" என்றாள். பதினான்கு நாள்கள் அவ்வாறே செய்தாள். அவளுக்கும் அச்சம் இருந்தது. வீடு திரும்பியதும் இரண்டு முறை சோப்பால் கை கழுவுவாள். ஆனால், அந்த அச்சம் அவளை வீட்டுக்குள் முடக்கிவிடவில்லை.

வேப்பிலையும் தகரமும்

நம் முன்னோர் கொள்ளைநோயை அறியாதவர்கள் அல்லர். பெரியம்மை ஊர் ஊராகப் பரவிய காலத்தில், அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவார்கள். அதைக் கண்டவர் அவ்வீட்டினுள் நுழையமாட்டார். நோயுற்றவரைத் தனிமைப்படுத்தும் ஏற்பாடுதான் அதுவும். ஆயினும், வேப்பிலை சொன்ன செய்தி 'இங்கே அன்னை வந்திருக்கிறாள்' என்பதாகும். நோயாளியின் அருகில் ஒருவர் அமர்ந்து வேப்பிலையால் வீசிக்கொண்டிருப்பார். குணமான பின் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மீண்டும் ஊரோடு சேர்த்துக்கொள்வார்கள். அந்தப் பெரியம்மையைத் தடுப்பூசியே ஒழித்தது. 1980ஆம் ஆண்டு உலக சுகாதார அமைப்பு அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தது.

தகரமும் தொற்றைத் தடுக்கவே அடிக்கப்பட்டது. அதில் தவறில்லை. ஆனால், தகரத்துக்கு அப்பால் ஒரு தாயும் மகனும் இருக்கிறார்கள் என்பதை நாம் மறந்ததுதான் தவறு. 2020 ஏப்ரலில், தொற்றால் உயிர்நீத்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் தாக்கியது. அதன்பின், இத்தகைய இறுதிச் சடங்குகளைத் தடுப்போருக்குச் சிறைத்தண்டனை விதிக்கத் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. உயிர் காக்க உழைத்தவருக்கு ஆறடி மண்ணை மறுக்கும் அளவுக்கு அச்சம் மனிதரை மாற்றிவிட்டது.

திறந்திருக்க வேண்டிய ஜன்னல்

அந்த இளைஞர் நலம் பெற்றார். செப்டம்பரில் கோயில்களும் திறந்தன. மூதாட்டியின் வில்வம் மீண்டும் சந்நிதியைச் சேர்ந்தது. ஆனால், 2021 மே மாதத்து இரண்டாம் அலையில் அவரே நோயுற்று, மருத்துவமனையிலேயே சிவபதம் எய்தினார். உடல் அங்கிருந்து நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. எங்கள் தெரு வழியாகத்தான் அந்த வாகனம் சென்றது. முழு அங்கி அணிந்த பணியாளர்கள் உடன்வர, மகன் தனியாகவே கொள்ளி வைத்தார்.

நான் போகவில்லை. உடலைத் தொடாமல் மந்திரம் ஓதவும், புனித நீர் தெளிக்கவும், தொலைவில் நின்று முகம் காணவும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் அனுமதித்திருந்தன. அவற்றை நான் படித்தும் இருந்தேன். இரண்டு தவணைத் தடுப்பூசியும் போட்டுக்கொண்டிருந்தேன். அரசு தடுக்கவில்லை. என்னைத் தடுத்தது என் அச்சம்தான்.

சில மாதங்கள் கழித்து அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஐயா, நீங்க வரலைன்னு நான் வருத்தப்படல. உங்களுக்கும் வயசாச்சு. ஆனா, வண்டி போறப்ப ஜன்னலைச் சாத்தாம இருந்திருக்கலாம். அம்மா எத்தனை வருஷம் உங்க வாசல் வழியா வில்வம் எடுத்துக்கிட்டுப் போனாங்க" என்றார்.

அந்தச் சொல் இன்றும் என்னைச் சுடுகிறது.

கிளி முனிவர் தந்த விடை

சாபத்தால் ஏழே நாள்களில் தட்சகன் தீண்டி இறக்கப்போவதை அறிந்த பரீட்சித்து மன்னன், கங்கைக் கரையில் அமர்ந்து சுக முனிவரிடம், 'இறக்கும் தறுவாயில் உள்ளவன் செய்ய வேண்டியது யாது?' என்று வினவினான். அந்த வினாவை முனிவர் பாராட்டினார்; அது உலகோர் அனைவருக்கும் நன்மை தருவது என்றார். ஆம், அனைவருக்கும்தான். பரீட்சித்துக்கு ஏழு நாள்கள் என்று தெரிந்திருந்தது. நமக்கு எத்தனை நாள்கள் என்று தெரியாது. அவ்வளவே வேறுபாடு. பாகவதத்தைச் செவிமடுத்து முடித்த மன்னன், இனித் தட்சகனுக்கு அஞ்சேன் என்றான். பாம்பு வராமல் போகவில்லை, அச்சம்தான் அகன்றது.

கங்கைக் கரையில் அமரும் முன் பரீட்சித்து செய்த ஒரு காரியத்தை நாம் கவனிப்பதில்லை. மகன் ஜனமேஜயனிடம் அரசை ஒப்படைத்துவிட்டே அவன் அமர்ந்தான். வங்கியில் பணியாற்றியவன் என்பதால் இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பெருந்தொற்றுக்குப் பின், கணவருக்கு எந்த வங்கியில் கணக்கு இருந்தது என்றே தெரியாமல் கலங்கிய பெண்களைக் கண்டிருக்கிறேன். கணக்குகளில் நாமினி பெயரைப் பதிவு செய்வதும், உயில் எழுதுவதும், ஆவணங்கள் உள்ள இடத்தை வீட்டாரிடம் சொல்லி வைப்பதும் அபசகுனம் அல்ல. அவை பரீட்சித்து காட்டிய வழி.

மருந்தை நாடுவதும் பக்திக்குக் குறைவு அன்று. கொங்கு நாட்டுக் கொடிமாடச்செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தியபோது சம்பந்தப் பெருமான் திருநீலகண்டப் பதிகம் பாடியருளினார். நோய் அடியார்களை மட்டுமன்றி அந்நாட்டையும் விட்டு நீங்கியது என்பது பெரியபுராணம். நோயை வினைப்பயன் என்று சொல்லிச் சும்மா இருந்துவிடாமல் உய்யும் வழியை நாட வேண்டும் என்பதே அப்பதிகம் தரும் அறிவுரை. நம் திருவதிகையில் சூலை நோயால் துடித்த தம்பிக்குத் திலகவதியார் தம் கையால் திருநீறு அளித்து, உடன் அழைத்துச் சென்று இறைவன் திருமுன் நிறுத்தினார். நோயுற்றவரை அவர் விலக்கவில்லை. அதனால்தான் நமக்கு ஒரு திருநாவுக்கரசர் கிடைத்தார்.

அஞ்சுவது மனித இயல்பு. முகக்கவசம் அணியலாம், தொலைவில் நிற்கலாம், கதவையும் அடைக்கலாம். ஆனால், நோயுற்றவர் வீட்டை நோக்கிய ஜன்னல் ஒன்று திறந்திருக்கட்டும். அதன் வழியே ஒரு குரல் கொடுக்கலாம். ஒரு தூக்குவாளிக் கஞ்சி போகலாம். இறுதிப் பயணத்தில் செல்பவரைக் கைகூப்பி வழியனுப்பலாம்.

இப்போது அந்த இளைஞர் ஊரிலேயே இருக்கிறார். பிரதோஷந்தோறும் தாயின் கூடையில் வில்வம் கொண்டு வருகிறார். எங்கள் வீட்டு வாசலைக் கடக்கும்போது, "பேங்க் ஐயா, கோயிலுக்கு வரலையா?" என்று அழைக்கிறார். நானும் எழுந்து உடன் செல்கிறேன். அந்தக் கூடையைச் சிறிது தூரம் சுமக்க எனக்கும் தருகிறார். அகத்தீசப் பெருமானின் திருவருளால் எனக்குக் கிடைத்த பிராயச்சித்தம் அதுவே.