விமான நிலையம் ஏன் விரிகிறது?

நம் பாட்டன்மார் இந்நாட்டுக்குக் கப்பலில் வந்தார்கள். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஏறியவர்கள் பினாங்கில் இறங்க ஏறத்தாழ ஒரு வாரம் பிடித்தது. 'ரஜுலா', 'சிதம்பரம்' என்ற கப்பல்களின் பெயர்களை லயத்துப் பெரியவர்கள் உறவினர் பெயரைப் போலச் சொல்வார்கள். 1985-ஆம் ஆண்டு சிதம்பரம் கப்பல் தீ விபத்துக்குள்ளான பிறகு, ஊருக்குப் போக நமக்கு இருந்தது ஆகாய வழிதான். அந்நாளில் தோட்டத்தில் ஒருவர் விமானம் ஏறுகிறார் என்றால், பாதித் தோட்டம் வேனில் ஏறி சுபாங்குக்குச் சென்று கையசைத்துவிட்டு வரும். விமானத்தில் போகிறவர் ஒருவர், பார்க்கப் போகிறவர் இருபது பேர்!

இன்று அந்தக் கணக்கு மாறிவிட்டது. சபாவில் வேலை செய்யும் மகன் தீபாவளிக்கு விமானத்தில் வருகிறான். அது எப்படி நேர்ந்தது, அதற்காக நாடு எதைக் கொடுக்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

தோட்டத்து லாரியை எண்ணிப் பாருங்கள். லாரி ஓடினால்தான் வருமானம். கொட்டகையில் நின்றால் செலவு. விமானமும் அப்படித்தான். 2001-ஆம் ஆண்டின் இறுதியில் ஏர் ஏசியா நிறுவனம் கைமாறி, மலிவுக் கட்டணச் சேவையாக உருமாறியது. ஒரே வகை விமானம், இறங்கிய அரைமணி நேரத்துக்குள் மறுபடி புறப்பாடு, சாப்பாட்டுக்குத் தனிக் காசு. இவ்வாறு ஒரே விமானத்தை ஒரு நாளில் பலமுறை பறக்கவிட்டால் ஒரு இருக்கையின் செலவு குறைகிறது. விலை குறைந்ததும் பேருந்தில் போனவர்கள் விமானத்துக்கு மாறினார்கள். பயணமே போகாதவர்களும் புறப்பட்டார்கள்.

பயணிகள் பெருகினால் நிலையம் போதாது. இதற்கும் தோட்டத்திலேயே உவமை உண்டு. காய்ப்பு மிகுந்த மாதங்களில் செம்பனை ஆலையின் வாசலில் குலை ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருக்கிறோம். மற்ற மாதங்களில் அதே ஆலை பாதி வேலையோடு ஓடும். விமான நிலையமும் அப்படியே. ஆண்டுக்கு எத்தனை பேர் என்பதைவிட, கூட்டம் மிகுந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் என்பதே முக்கியம். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் கட்டடம் அகலமாகிறது.

ஓடுபாதைக்கும் ஓர் அளவு உண்டு. பெரிய விமானம் கடந்து சென்றபின் அதன் பின்னே காற்று சுழன்றுகொண்டிருக்கும். அடுத்த விமானம் உடனே நெருங்கினால் ஆபத்து. ஆகவே ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடைவெளி விட வேண்டும். எத்தனை அவசரமானாலும் ஓர் ஓடுபாதை ஒரு மணி நேரத்தில் இவ்வளவுதான் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் இன்னோர் ஓடுபாதை, அதாவது இன்னும் நிலம் வேண்டும்.

நம் நாட்டு வரலாறு இதைக் காட்டுகிறது. சுங்கை பீசி போதாமல் 1965-இல் சுபாங் திறக்கப்பட்டது. சுபாங் நெருக்கடியாகி 1998-இல் சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் இரண்டு ஓடுபாதைகளோடு திறக்கப்பட்டது. 2006-இல் மலிவுக் கட்டண விமானங்களுக்குத் தனி முனையம் கட்டினார்கள். எட்டே ஆண்டுகளில் அதுவும் போதவில்லை. 2014-இல் ஆண்டுக்கு 4 கோடியே 50 லட்சம் பயணிகளுக்கான புதிய முனையமும் மூன்றாவது ஓடுபாதையும் வந்தன. அந்த முனையத்துக்கு முதலில் போட்ட மதிப்பீடு ஏறத்தாழ 200 கோடி வெள்ளி. முடிந்தபோது செலவு ஏறத்தாழ 400 கோடி வெள்ளி.

கணக்கு எப்போதும் பலிப்பதில்லை. 2019-இல் சிப்பாங்கைப் பயன்படுத்தியோர் 6 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். மறு ஆண்டு பெருந்தொற்று வந்ததும் அது ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சமாகச் சரிந்தது. நாளைய கூட்டத்தை இன்றே ஊகித்துத்தான் நிலையம் கட்டுகிறார்கள். ஊகம் தவறினாலும் எடுத்த நிலம் மறுபடி தோட்டமாவதில்லை.

சிப்பாங்கில் ஒதுக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 10,000 ஹெக்டர். அதில் பெரும்பகுதி செம்பனைத் தோட்டங்கள். நம்மைப் போன்றவர்கள் குலை வெட்டிய இடத்தில்தான் இன்று விமானம் இறங்குகிறது. விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக 1995-இல் டிங்கில் அருகே தெமுவான் பூர்வகுடியினரின் நிலமும் எடுக்கப்பட்டது. மரங்களுக்கும் பயிருக்கும் வீட்டுக்கும் மட்டுமே இழப்பீடு கொடுத்தார்கள். அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நிலத்துக்கும் இழப்பீடு உண்டு என்று 2002-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

நமக்கோ லயத்து வீடு சொந்தமல்ல. வேலை போனால் வீடும் போகும். ஆகவே உரிமையை அறிந்திருப்பது அவசியம். தோட்டம் மூடப்பட்டு வேலை நிறுத்தப்பட்டால், 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி பணிநீக்கப் பணம் உண்டு. ஐந்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது 20 நாள் சம்பளம். பன்னிரண்டு ஆண்டு உழைத்தவருக்கு 240 நாள் சம்பளம். ஆனால் இந்த விதிகள் வீட்டைப் பற்றிப் பேசுவதில்லை. வீட்டுக்கான வாக்குறுதியைப் பேச்சு வார்த்தையிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சம்பளச் சீட்டுகளையும் வேலையில் சேர்ந்த தேதிக்கான சான்றையும் பத்திரமாக வையுங்கள். கூட்டத்துக்குத் தனியாகப் போகாமல் தொழிற்சங்கத்தோடு போங்கள்.

விமான நிலையம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விமானப் பழுதுபார்ப்பு, சரக்கு, சுங்கம் என்று நம் பிள்ளைகளுக்கு அங்கே வேலை உண்டு. அதற்குக் கணிதமும் ஆங்கிலமும் அறிவியலும் தேவை. ஓடுபாதை நம் வாசலுக்கு வருவதற்கு முன்பே பிள்ளை அந்தப் பாடங்களில் தேறியிருக்க வேண்டும். இன்றிரவு விளக்கை அணைப்பதற்கு முன் அவன் வீட்டுப்பாடத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள்.