பொற்குண்டும் 14 காரட்டும்

பொன்னிலே செம்பு மிகுந்தால் நிறம் சிவக்கும். வெள்ளி மிகுந்தால் வெளிறிப் பசுமை தட்டும். கலவையின் அளவை நிறங்கண்டே உணர்பவன் நம் பொற்கொல்லன். தாலிக் குண்டுக்குத் தகட்டைக் குழித்து, இரு கிண்ணங்களை வாய்க்கு வாய் பொருத்தி, விளிம்பில் பொடி வைத்து ஊதுவான். பொடியும் பொன் கலந்ததே. எனினும் குண்டுக்கு முன்னரே அது உருகவேண்டும். ஒரு மூச்சு மிஞ்சினால் குண்டே உருக்குலையும்!

1963 ஜனவரியில் சர்க்கார், 14 காரட்டுக்கு மேற்பட்ட புதுநகை செய்யலாகாதென விதித்தது. கள்ளக் கடத்தலைத் தடுக்கும் நோக்கத்தை நாம் குறைகூறோம். ஆயின் 24 பங்கில் 14 பங்கே பொன்னுள்ள அக்கலவை கடினமானது. அடிக்கடி காய்ச்சாவிடில் குழிக்கையில் வெடிப்புக் காணும். 22 காரட்டில் பழகிய கைக்கு அது இணங்கவில்லை, வாங்குவோர்க்கும் மனமில்லை. ஊதுகுழல் பிடித்தவன் கூலிக்கு அலைந்தான். காரட் வரம்பு 1966-இல் நீங்கிற்று. கட்டுப்பாட்டுச் சட்டமோ 1990-இல்தான் ஒழிந்தது. அதற்குள் எத்தனை உலைகள் அவிந்தன!