ரமணர் வட்டத்தின் அன்றாடக் கைவேலைகள்

திருவண்ணாமலையில் ரமணரும் அவரைச் சூழ்ந்திருந்தவர்களும் 1899 முதல் 1950 வரை அன்றாடத் தேவைகளுக்காகத் தாங்களே செய்துவந்த வேலைகள் பற்றியது இக்கட்டுரை. இலை தைத்தல், கொட்டாங்கச்சிப் பாத்திரம் செய்தல், கைத்தடி இழைத்தல், புத்தகம் கட்டுதல், அப்பளம் இடுதல், காய் நறுக்கல், கீரை பறித்தல், மாடு வளர்த்தல், கல் கட்டடம் எழுப்புதல் ஆகியவை இவற்றில் அடங்கும். ரமணரைப் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை அவருடைய உபதேசத்தையே பேசுகின்றன. ஆனால் உடனிருந்தவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளில் ஊசி, அகப்பை, சுண்ணாம்பு பற்றிய செய்திகளும் நிறையக் கிடைக்கின்றன. சூரி நாகம்மா தெலுங்கில் எழுதிய கடிதங்கள், தேவராஜ முதலியாரின் 1945–47 காலத்து நாட்குறிப்பு, அண்ணாமலை சுவாமியின் நினைவுகள் ஆகியவை இவ்வகையில் முக்கியமானவை.

பின்னணி

ரமணர் 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்தார். ஆலயத்திலும் ஊரைச் சுற்றிய இடங்களிலும் தங்கியபின் 1899-ல் மலைமேல் விருபாட்ச குகைக்குச் சென்றார். அண்ணாமலை கருங்கல் மலை. மழைக்காலத்தில் ஓடைகளில் நீர் பாயும். கோடையில் பாறை கொதிக்கும். விருபாட்ச குகையில் கோடையில் நீர் கிடைக்காததால் அருகிலிருந்த மாமரத்துக் குகைக்கு அவர்கள் இடம் மாறுவது வழக்கம்.

உணவுக்கு வழி பிச்சைதான். அன்பர்கள் ஊருக்குள் இறங்கித் தெருக்களில் பாடிச்சென்று பிச்சை ஏற்றுவருவர். அப்படிப் போகும்போது பாடுவதற்காகவே ரமணர் அட்சரமணமாலையை இயற்றினார். வந்ததெல்லாம் ஒன்றாகக் கலக்கப்பட்டு எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படும். போதாத நாளில் வெந்நீர் ஊற்றிக் கஞ்சியாக்கிக் குடித்தார்கள். உப்பு இல்லாவிட்டால் அதற்காக யாரிடமும் கேட்பதில்லை. குறைந்ததைக் கேட்டு வாங்காமல் இருப்பதைக் கொண்டு சமாளிப்பது என்ற இந்த ஒழுங்கிலிருந்தே பின்னால் வந்த கைவேலைகள் பலவும் வளர்ந்தன.

இக்காலத்துச் சம்பவம் ஒன்றை ரமணரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவருடைய துண்டு கிழிந்து கந்தலாகியிருந்தது. பிறர் பார்த்தால் புதிது வாங்கித் தருவார்கள் என்று அதை மரப்பொந்தில் ஒளித்துவைத்தார். கோவணம் கிழிந்தபோது ஒரு முள்ளை எடுத்து அதில் துளையிட்டு ஊசியாக்கினார். நூலுக்கு வேறெங்கும் போகாமல் அந்தக் கோவணத்திலிருந்தே ஓர் இழையை உருவித் தைத்துக்கொண்டார்.

கந்தாசிரமம்

விருபாட்ச குகைக்கு மேலே கந்தசாமி என்ற அன்பர் தனியாளாக உழைத்து உருவாக்கிய இடம் கந்தாசிரமம். முள்ளும் கள்ளியும் மண்டிய பாறைச் சரிவு அது. அவர் கற்களைப் பெயர்த்து அடுக்கி, மண் நிரப்பிச் சமதளமாக்கி, தென்னை முதலிய மரங்களை நட்டார். மலைச்சரிவில் மண் தங்குவதற்கு ஒரே வழி கல்லடுக்குத்தான். அடுக்கு இல்லாத இடத்தில் போட்ட மண் அடுத்த பெருமழையில் ஊருக்குப் போய்விடும். வற்றாத ஊற்று ஒன்று அங்கிருந்ததால் மரங்கள் பிழைத்தன. 1916-ல் ரமணர் அங்கு குடியேறினார். அந்த இடம் கந்தசாமியின் பெயராலேயே வழங்கலாயிற்று.

அதே ஆண்டு ரமணரின் தாய் அழகம்மாள் மகனுடன் நிலையாகத் தங்க வந்துசேர்ந்தார். அதுவரை அடுப்பே இல்லாதிருந்த இடத்தில் அவர் சமைக்கத் தொடங்கினார். ஆசிரமச் சமையலறை அங்கிருந்தே தொடங்குகிறது.

அப்பளம்

அப்பளம் இட உதவுமாறு அழகம்மாள் ஒருமுறை மகனைக் கேட்டார். அதற்கு விடையாகப் பிறந்ததுதான் ரமணரின் 'அப்பளப் பாட்டு'. அது வேதாந்தப் பாடல். ஆனாலும் அப்பளம் இடும் வேலையை முறை தெரிந்த ஒருவர்தான் அதை எழுதியிருக்க முடியும். உளுந்து, பிரண்டைச் சாறு, மிளகு, சீரகம், உப்பு, பெருங்காயம் எல்லாம் அதனதன் இடத்தில் வருகின்றன.

இதில் பிரண்டையின் வேலை முக்கியமானது. வேலிகளில் தானே படரும் இந்தக் கொடியை நறுக்கிக் கொதிக்கவிட்டு வடித்த நீரில்தான் உளுந்து மாவைக் கெட்டியாகப் பிசைவார்கள். பச்சையாகத் தொட்டால் கை அரிக்கும். ஆகவே நறுக்கும்முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்வது வழக்கம். பிசைந்த மாவை எண்ணெய் தொட்டு உலக்கையால் இடித்தால் அது இழுத்தால் நீளும் பதத்துக்கு வரும். இடி குறைந்தால் தேய்க்கும்போது ஓரம் வெடிக்கும். உருண்டை பிடித்துக் குழவியால் மெல்லிதாகத் தேய்த்து, முதலில் நிழலிலும் பிறகு சிறிது நேரம் வெயிலிலும் உலர்த்துவார்கள். நேராகக் கடும்வெயிலில் போட்டால் சுருண்டு முறியும். நன்கு காய்ந்தது மாதக்கணக்கில் இருக்கும். காய்கறி கிடைக்காத நாட்களில் சோற்றுக்குத் துணையாக அது போதும்.

மலைக்கீரை

குகை நமச்சிவாயர் கோயில் பக்கம் தங்கியிருந்த மூதாட்டி ஒருவர் மலையெங்கும் சுற்றிக் கீரை பறித்துச் சமைத்து ரமணருக்குக் கொண்டுவந்து தருவார். அவருடைய இயற்பெயரைவிட 'கீரைப்பாட்டி' என்ற பெயரே நிலைத்தது. காசில்லாமல் மலையிலிருந்து உணவெடுக்கத் தெரிந்தவர்களில் அவரே முதன்மையானவர். எந்தப் பருவத்தில் எந்தச் சரிவில் எது தளிர்க்கும் என்ற அறிவு அது. ஏட்டில் எழுதப்படாமல் கால்நடையாகவே கற்கப்பட்டது. 1907 முதல் 1945-ல் இறக்கும்வரை நாள்தோறும் உணவு கொண்டுவந்த எச்சம்மாளும், முதலியார் பாட்டியும் இவ்வரிசையில் வருவர்.

தையல் இலை, கொட்டாங்கச்சி, கைத்தடி

சாப்பிட இலை வேண்டும். வாழை பயிரிடத் தண்ணீர் வேண்டும். வறண்ட மலையில் அதற்கு மாற்று ஆலிலை. ரமணரும் உடனிருந்தவர்களும் ஆலிலைகளைச் சேர்த்துத் தையல் இலை தைத்தனர். முறை எளியது. நடுவில் ஒரு பெரிய இலை, சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மற்ற இலைகள். மெல்லிய ஈர்க்கைக் குத்தி வாங்கி ஒடித்துவிட்டால் தையல் ஆயிற்று. இலைகள் போதிய அளவு ஏறாவிட்டால் ரசம் ஒழுகும் என்பதே இதில் கவனிக்க வேண்டியது. தைத்தவற்றை அடுக்கிப் பாரம் வைத்து உலர்த்திச் சேமிக்கலாம். பயன்படுத்தும்முன் நீர் தெளித்தால் மீண்டும் வளையும். உண்டபின் மாட்டுக்கோ எருக்குழிக்கோ போகும்.

கொட்டாங்கச்சியிலிருந்து கிண்ணமும் அகப்பையும் செய்தார்கள். கொட்டாங்கச்சியின் நாரைச் சுரண்டியெடுத்து, சொரசொரப்பான பரப்பில் தேய்த்து, எண்ணெய் பூசினால் கருமையாகப் பளபளக்கும். ரமணர் செய்தவை மிகவும் நேர்த்தியானவை என்று பார்த்தவர்கள் எழுதியுள்ளனர்.

கைத்தடி பற்றிய சம்பவம் பலராலும் சொல்லப்படுவது. வேலூர்க் கல்லூரித் தெலுங்காசிரியர் ஒருவர் பயன் கருதாத செயல் எப்படிப்பட்டது என்று கேட்டார். ரமணர் பதில் சொல்லவில்லை. மலைக்குப் போகும் வழியில் முட்கிளை ஒன்றை எடுத்து உட்கார்ந்து முள் களைந்தார், கணுக்களை வழித்தார், சொரசொரப்பான இலையால் தேய்த்தார். பல மணிநேரம் கழிந்து அது நல்ல கைத்தடியாயிற்று. அப்போது தன் கோலைத் தொலைத்துவிட்டு வந்த ஆடு மேய்க்கும் சிறுவனிடம் அதைக் கொடுத்துவிட்டு நடந்தார். சம்பவத்தின் தத்துவத்தை விட்டுவிட்டாலும் வேலையின் வரிசை சரியாக இருக்கிறது: களைதல், வழித்தல், தேய்த்தல். அவசரப்பட்டு வழிக்காமல் தேய்த்தால் கணு கையைக் கிழிக்கும்.

தாள் விஷயத்திலும் இதே சிக்கனம் இருந்தது. தபாலில் வந்த பொட்டலங்களின் தாளும் கயிறும் பத்திரப்படுத்தப்பட்டன. எழுதாத துண்டுத் தாள்கள் வெட்டித் தைக்கப்பட்டுக் குறிப்பேடுகளாயின. கிழிந்த புத்தகங்களை ரமணரே ஒட்டிக் கட்டினார்.

சமையலறை

தாய் 1922 மே 19 அன்று மறைந்தார். மலையடிவாரத்தில் அவருடைய சமாதியைச் சுற்றி இன்றைய ரமணாசிரமம் உருவாயிற்று. ஒரு கீற்றுக் கொட்டகையில் தொடங்கிய இடத்தில் சில ஆண்டுகளில் நாளும் பலர் உண்ணும் நிலை வந்தது. விடியுமுன் எழுந்து சமையலறைக்கு வந்து காய் நறுக்குவதும் அரைப்பதும் ரமணரின் நீண்டகால வழக்கம். சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள், சுப்புலட்சுமி அம்மாள் முதலியோர் அங்கு சமைத்தனர்.

இங்கு அடிக்கடி உரசல் வந்தது வீணாக்குதல் பற்றித்தான். தரையில் சிந்திய அரிசியையும் கடுகையும் ரமணர் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். கத்தரிக்காய்க் காம்புகளை ஒதுக்கிவைத்தபோது அவற்றையும் சமைக்கச் சொன்னார். காம்பு எளிதில் வேகாது. சமைத்தவர்கள் அடுப்பருகே திண்டாடினார்கள். முதல்நாள் மிஞ்சியது இன்னும் சிக்கலானது. பழைய உணவு ஆகாது என்பது சமைத்தவர்களின் ஆசாரம். எறிவது ஆகாது என்பது ரமணரின் நிலை. மிஞ்சியதைக் காலையில் வேறு பண்டமாக்கிப் பரிமாறச் செய்தார். தனக்கெனத் தனியாக எதையும் பரிமாற விடாததால் இந்தக் கட்டுப்பாடு மற்றவர்மேல் மட்டும் சுமத்தப்பட்டதாக இல்லை. ஆனாலும் சிக்கனத்தின் உடலுழைப்பு பெரும்பாலும் பெண்கள்மேலேயே விழுந்தது என்பதை நினைவுக் குறிப்புகளைப் படிப்பவர் கவனிக்காமல் இருக்க முடியாது.

மாடும் கல்லும்

1926-ல் ஒரு பசுவும் கன்றும் காணிக்கையாக வந்தன. அந்தக் கன்றுதான் பின்னால் புகழ்பெற்ற லட்சுமி. அப்போது தொழுவம் கிடையாது. பராமரிக்க ஆளும் கிடையாது. ஆகவே ஊருக்குள் ஒருவரிடம் விட்டு வளர்க்க வேண்டியிருந்தது. வசதி செய்யாமல் மாடு வாங்குபவர் இன்றும் சந்திக்கும் சிக்கல் இது. 1928-ல் வந்த அண்ணாமலை சுவாமி கட்டட வேலைகளின் பொறுப்பை ஏற்றார். அவருக்கு முன்பயிற்சி இல்லை. ரமணர் அவ்வப்போது துண்டுத் தாளில் வரைந்து காட்டுவார். சிறிய தொழுவம் போதும் என்று நிர்வாகத் தரப்பில் கருத்திருந்தும் பெரிய கோசாலையே எழுந்தது. மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் வெள்ளம் ஆசிரமத்துக்குள் புகாமல் திருப்பிவிட ஒரு நீண்ட கல் தடுப்புச்சுவரும் கட்டப்பட்டது. கந்தசாமி மேலே செய்ததும் இதுவும் ஒரே வித்தைதான். அங்கு மண்ணை நிறுத்தக் கல், இங்கு நீரைத் திருப்பக் கல்.

லட்சுமி 1948 ஜூன் 18 அன்று இறந்தது. அதன் சமாதி ஆசிரம வளாகத்தில் உள்ளது.

எந்த அளவு தன்னிறைவு?

இதைத் தன்னிறைவு வாழ்க்கை என்று சொல்வது முழு உண்மையாகாது. ஆசிரமம் தனக்கு வேண்டிய நெல்லை விளைவிக்கவில்லை. அரிசியும் பருப்பும் அன்பர்களின் கொடையிலிருந்து வந்தன. மலைவாழ்வின் தொடக்க ஆண்டுகள் முற்றிலும் ஊராரின் பிச்சையை நம்பியவை. கைவேலைகள் செய்தது தேவையின் அளவைக் குறைத்ததுதான். இலைக்கும் பாத்திரத்துக்கும் தாளுக்கும் ஊசிக்கும் பிறரிடம் போக வேண்டியிருக்கவில்லை. சோற்றுக்குப் போக வேண்டியிருந்தது.

பிற்காலம்

ரமணர் 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார். கோசாலையும் பெரிய சமையலறையும் இன்றும் இயங்குகின்றன. கந்தாசிரமத்தில் நீரும் தென்னையும் உள்ளன. ஆனால் கீரைப்பாட்டி சுற்றிய மலை மேய்ச்சலாலும் விறகு வெட்டலாலும் கோடைத் தீயாலும் மொட்டையாகிப்போனது. 1980களின் இறுதியிலிருந்து பல குழுக்கள் மரக்கன்றுகளை நட்டுவருகின்றன. தீ பரவாமல் தடுக்கக் கோடைக்கு முன்பே புல்லை அகற்றித் தடுப்புக்கோடு போடுகின்றன. கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் அன்னதானம் நடக்கிறது. அங்கு வழங்கப்படும் தட்டுகளில் தையல் இலையைக் காண்பது அரிது.