மாட்டுக்குக் காய்ச்சலா? ஊசிக்கு முன் ஒரு சொட்டு ரத்தம்!

நேற்று வரை எட்டு லிட்டர் கறந்த மாடு, இன்று மூன்று லிட்டரோடு நின்றுவிடுகிறது. தீவனத்தைத் தொடவில்லை, உடம்பு கொதிக்கிறது. பால் காசை நம்பியிருக்கும் வீட்டில் பதற்றம் வரத்தானே செய்யும்? அந்த அவசரத்தில் பலரும் கேட்பது, 'காய்ச்சல் ஊசி ஒண்ணு போடுங்க' என்பதுதான்.

ஆனால், காரணம் ரத்தத்தில் இருக்கும் ஒட்டுண்ணி என்றால், அந்த ஊசி சூட்டை மட்டுமே தணிக்கும். நோய் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

உண்ணிதான் வில்லன்

தைலேரியா, பபேசியா என்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகள், உண்ணிக் கடி மூலம் மாட்டின் ரத்தத்துக்குள் நுழைகின்றன. சிவப்பணுக்கள் அழிய அழிய, மாட்டுக்கு ரத்தசோகை வருகிறது. நாட்டு மாடுகளைவிட ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பின மாடுகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன.

இதையெல்லாம் கவனியுங்கள்

* மாட்டின் இயல்பான வெப்பம் சுமார் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 104-ஐத் தாண்டுவது.
* தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டுவது, மூச்சு வாங்குவது. இவை தைலேரியாவின் அடையாளங்கள்.
* சிறுநீர் காபி நிறத்தில் போவது. இது பபேசியாவின் முக்கிய அடையாளம்.
* கண் இமையின் உட்புறம் வெளுத்தோ, மஞ்சளாகவோ இருப்பது.

ஏன் ரத்தப் பரிசோதனை?

இரண்டுக்கும் மருந்து வேறு. தைலேரியாவுக்கு புபார்வாகுவோன், பபேசியாவுக்கு டிமினசீன். மருந்து மாறிப்போனால் காசும் வீண், நாளும் வீண். காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எந்த ஒட்டுண்ணி என்று தெரிந்துவிடும். மருந்து செலுத்துவதற்கு முன்பே ரத்தம் எடுப்பது நல்லது. எனவே, 'ரத்தம் டெஸ்ட் பண்ணிடலாமா டாக்டர்?' என்று நீங்களே கேளுங்கள்.

கொட்டகையையும் கவனியுங்கள்

மாட்டின் மேல் இருக்கும் உண்ணியை மட்டும் ஒழித்தால் போதாது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுவர் விரிசல்களைப் பூசி அடையுங்கள். சாணம், குப்பையைச் சேரவிடாதீர்கள். உண்ணி மருந்தின் அளவையும், அடித்த பிறகு எத்தனை நாள் பாலைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் பால் கறக்கும்போது காது, மடி, வாலடியைக் கையால் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் அப்போதே சிக்கிவிடும். தமிழ்நாட்டில் மாட்டுக்கு அவசரம் என்றால் 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.