குலுங்கும் வண்டியில் குலுங்காத ஆசனம்

மோட்டார் வண்டியில் முக்கியமான உறுப்பு எது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். யந்திரம் என்பார் ஒருவர். பிரேக் என்பார், சற்று முன்ஜாக்கிரதையுள்ள இன்னொருவர். பெட்ரோலுக்குப் பணம் கொடுக்கிறவர் பெட்ரோல் தொட்டி என்று சொன்னாலும் சொல்லுவார். உட்காருகிற ஆசனம் என்று பதில் சொல்லுகிறவரைக் காண்பது துர்லபம். நல்ல தார்ச் சாலையில் போகிற வரையில் அதைப் பற்றி நினைப்பதற்குக் காரணமும் இல்லை. சாலை முடிந்து, கல்லும் மணலும் காய்ந்த ஆற்றுப் படுகையுமாகப் பூமி ஆரம்பிக்கிற இடத்திலேதான், வண்டிக்கும் மனிதனுக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு முழ அகலப் பொருளின் மகிமை தெரிய வருகிறது.

அப்படிப்பட்ட பூமி ஒன்று மெக்ஸிகோ தேசத்தில் இருக்கிறது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு விரலைப் போல் தெற்கே நீண்டு கிடக்கும் பாஹா கலிபோர்னியா என்னும் தீபகற்பம் அது. 1967-ம் வருஷத்தில் அதன் வடகோடியிலுள்ள டிஜுவானாவிலிருந்து தெற்கே லா பாஸ் நகரம் வரையில் ஒரு மோட்டார்ப் பந்தயம் நடத்தினார்கள். தீபகற்பத்தின் நீளம் முழுவதற்கும் தார்ச் சாலை அப்போது கிடையாது. 1973-லேதான் அது முடிந்தது. பந்தயத்தில் ஜயித்த சிறு வண்டிக்கு 27 மணி 38 நிமிஷம் பிடித்தது. அதை ஓட்டிச் சென்ற இருவரையும் கேட்டிருந்தால், உரலில் போட்ட நெல்லின் அநுபவம் எப்படிப்பட்டது என்பதை அவர்கள் விவரமாகச் சொல்லியிருப்பார்கள்.

இன்று அதே பாலைவனத்தில் பந்தய ட்ரக்குகள் பாய்ந்து ஓடுகின்றன. அவற்றில் சிலவற்றின் பின்சக்கரங்கள் 30 அங்குல உயரம் ஏறி இறங்கக் கூடியவை. இம்மாதிரி ட்ரக்குகளை வீட்டுக் கொட்டகையிலேயே தம் கையால் கட்டுகிறவர்கள் தெற்குக் கலிபோர்னியாவில் அநேகர். யந்திரம், சக்கரம், இரும்புக் கூண்டு எல்லாம் ஆன பிறகு கடைசியில் அவர்கள் வந்து நிற்கிற இடம் ஆசனம். கடையில் விற்கும் ஆசனம் எல்லாருக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. இவர்களுக்கு வேண்டியதோ ஒருவருக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போன்ற ஆசனம்.

"இதற்கென்ன இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நல்ல தடிமனான மெத்தையாகப் போட்டுவிட்டால் போகிறது!" என்று வாசகர்களில் சிலர் நினைக்கலாம். வெகு காலம் உலகமும் அப்படித்தான் நினைத்தது. அதற்கு முன் ஆசனத்தினால் நேர்ந்த ஒரு பெரிய வழக்கைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது உலக யுத்தத்தின் போது அமெரிக்கச் சேனையில் ஜீப் வண்டி எங்கும் பரவியது. அதே சமயத்தில் பல்லாயிரக்கணக்கான சிப்பாய்கள், முதுகெலும்பின் கீழ்க்கோடியில், வால் எலும்புக்கு அருகே, சீழ்க் கட்டி கண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1944-ல் வைத்திய சாஸ்திரப் பத்திரிகையில் இதற்கு 'ஜீப் வியாதி' என்றே பெயர் வந்துவிட்டது. கரடுமுரடான நிலத்தில் மெல்லிய திண்டு போட்ட ஆசனத்தில் மணிக்கணக்காகக் குலுங்கியதுதான் காரணம் என்றார்கள். பிற்காலத்து வைத்தியர்கள், உடலின் ரோமம் தோலுக்குள் புகுந்துகொள்ளுவதே மூலகாரணம் என்றும், குலுக்கல் அதற்குத் துணை செய்தது என்றும் தீர்ப்பை மாற்றிக் கொண்டார்கள். ஜீப்புக்குப் பாதி விடுதலை என்று வைத்துக்கொள்ளலாம். ஆசனத்தின் பேரில் உள்ள சந்தேகம் மட்டும் தீரவில்லை. முதுகு வலி, முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் கெடுதல் ஆகியவை, லாரி ஓட்டுகிறவர்களையும் டிராக்டர் ஓட்டுகிறவர்களையும் தொடர்ந்து வாட்டிக் கொண்டுதான் இருக்கின்றன. வண்டி மேட்டிலிருந்து பாய்ந்து பொத்தென்று விழும்போது, முள்ளெலும்பு நசுங்கி முறிவதும் உண்டு.

மெத்தை ஏன் போதாது என்பதைத் தெரிந்து கொள்ள, வீட்டு ஊஞ்சலைப் பார்த்தால் போதும். ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்ற சமயத்தில் ஒரு விரலால் தள்ளிக்கொண்டே வந்தால், அது சிறிது நேரத்தில் உத்தரத்தை எட்டப் பார்க்கும். வேளை தப்பித் தள்ளினால் பலசாலி தள்ளினாலும் அவ்வளவு ஆடாது. மனித உடம்பும் ஒரு வகை ஊஞ்சல்தான். உட்கார்ந்திருக்கிறவனை மேலும் கீழுமாக வினாடிக்கு 5 முறை அளவில் குலுக்கினால், வயிறும் மார்பும் முதுகெலும்பும் அந்தத் தாளத்துக்கு இசைந்து, தரையின் ஆட்டத்தை விட அதிகமாக ஆடுகின்றன. 4 முதல் 8 வரையில் உள்ள ஆட்டமே உடம்புக்கு மிகவும் பொல்லாதது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இனி மெத்தையின் சங்கதியைக் கேளுங்கள். சாதாரண நுரை மெத்தையின் மேல் ஒரு மனிதன் உட்கார்ந்தால், அந்த இரண்டும் சேர்ந்து வினாடிக்குச் சுமார் 4 முறை ஆடும் சுபாவத்தை அடைகின்றன. அதாவது, எந்தக் குலுக்கலைத் தடுக்க வேண்டுமோ, அதையே மெத்தை பெரிதாக்கி முதுகுக்கு அனுப்புகிறது! கையால் அழுத்திப் பார்த்து, "ஆஹா, எவ்வளவு மிருது!" என்று வாங்கினவர் ஏமாந்து போகிறார்.

வேண்டியது மெதுவாக ஆடும் ஆசனம். இதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. வில்லின் மேல் மனிதன் உட்கார்ந்தவுடன், வில் எத்தனை சென்டிமீட்டர் தாழ்கிறது என்று பார்க்க வேண்டும். 25 தாழ்ந்தால் வினாடிக்கு ஓர் ஆட்டம். 11 தாழ்ந்தால் ஒன்றரை. 6 சென்டிமீட்டர்தான் தாழ்கிறது என்றால் இரண்டு. ஆசனத்தின் சொந்த ஆட்டத்தைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் வேகமாக வரும் குலுக்கலைத்தான் அது குறைத்துக் கொடுக்கும். அதற்குக் கீழ்ப்பட்டதைக் குறைக்காது, சில சமயம் கூட்டவும் செய்யும். ஆகையால் ஒன்றரை ஆட்டத்துக்கு மேற்படாத ஆசனம் கிடைத்தால், உடம்புக்குப் பொல்லாத அந்த 4 முதல் 8 வரையுள்ள குலுக்கல் நன்றாக அடங்கிவிடும். கணக்கு எளிதுதான். ஆனால் உட்கார்ந்த மாத்திரத்தில் அரை முழம் அமிழ்ந்து போகிற ஆசனத்திலிருந்து கொண்டு, கண்ணாடி வழியே பாதையைப் பார்ப்பது எப்படி?

லாரிகளிலும் டிராக்டர்களிலும் இதற்கு ஒரு யுக்தி செய்திருக்கிறார்கள். ஆசனத்துக்குக் கீழே, கத்தரிக்கோலைப் போல் குறுக்காகச் சேர்த்த இரண்டு ஜோடி இரும்புக் கைகள்; அவை விரிந்து சுருங்கும்போது ஆசனம் சாயாமல் நேராக ஏறி இறங்குகிறது. நடுவே ஒரு சுருள்வில்; அதை முன்கூட்டியே அழுத்தி, உட்காருகிறவரின் பாரத்தில் பெரும் பகுதியை அது தாங்கும்படி செய்துவிடுகிறார்கள். இதனால் அவர் கொஞ்சமே அமிழ்கிறார். வில்லின் மென்மையோ குறைவதில்லை. காற்றினால் இயங்கும் பிரேக் உள்ள லாரிகளில், அந்தக் காற்றையே எடுத்து, சுருள்வில்லுக்குப் பதிலாக ரப்பர்ப் பையில் அடைப்பதும் உண்டு. கூடவே எண்ணெய் நிரம்பிய ஒரு தடுப்புக் குழாயும் அவசியம் வேண்டும். அது இல்லாவிட்டால், ஒரு குழியில் இறங்கிய ஆசனம் அடுத்த பர்லாங்கு வரையில் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டே வரும்.

இந்த ஆசனம் ஏறி இறங்கக் கூடிய தூரம் சுமார் 10 முதல் 15 சென்டிமீட்டர். இங்கேதான் ஆளின் எடை வந்து குறுக்கிடுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்குச் சரி செய்து வைத்த ஆசனத்தில் 100 கிலோ எடையுள்ளவர் ஏறினால், அது அடியோடு அமிழ்ந்து கிடக்கும். அப்புறம் ஒவ்வொரு குழியிலும் 'டக், டக்' என்று அடித்தட்டில் மோத வேண்டியதுதான். அப்படி மோதுகிற வில்லாசனத்தை விட வெறும் பலகையே மேல். எடைக்கு ஏற்பத் திருகுகிற குமிழ் ஆசனத்தின் பக்கத்திலேயே இருந்தும், அதைத் தொடாமலே வருஷக் கணக்காக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எடை என்றால் முழு எடையும் அல்ல. சுமார் கால் பங்கைப் பாதங்கள் தாங்கிக் கொள்ளுகின்றன.

ஐரோப்பிய தேசங்களின் கூட்டமைப்பு 2002-ம் வருஷத்தில் இதற்காக ஒரு சட்டமே வகுத்தது. எட்டு மணி நேர வேலையில் உடம்பு அடையும் சராசரிக் குலுக்கல், பூமியின் ஈர்ப்பு விசையில் இருபதில் ஒரு பங்கை எட்டிவிட்டால், முதலாளி அதைக் குறைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். எட்டில் ஒரு பங்கைக் கிட்டத்தட்ட நெருங்கும் அளவுக்கு மேல், தொழிலாளியை உட்கார வைக்கவே கூடாது. முதுகு வலி ஒருவருடைய தலையெழுத்து அல்ல, அளந்து பார்க்கக் கூடிய விஷயம் என்று ஒப்புக்கொண்ட சட்டம் அது.

பாலைவன ட்ரக்குக்கு இந்தக் கத்தரிக்கோல் ஆசனம் ஏற்றதா? மெதுவாகப் போகும் சுரங்க லாரிக்கும் காட்டு லாரிக்கும் மிகவும் ஏற்றது. மணிக்கு நூறு மைல் வேகத்தில் பாயும் பந்தய வண்டிக்கு அவ்வளவு பொருந்தாது. கை சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. கால் மிதியின் மேல் இருக்கிறது. இரண்டும் வண்டியோடு ஒட்டியவை. உடம்பு மட்டும் ஒரு சாண் ஏறி இறங்கினால், கால் தன்னையறியாமல் மிதியை அழுத்திவிடும். தலைக்கவசம் மேலேயுள்ள இரும்புக் குழாயில் இடிக்கும். ஆகவே பெரிய அடியை எல்லாம் சக்கரத்தின் வில்லுக்கே விட்டுவிட்டு, மிச்சமுள்ள கூர்மையை மட்டும் வாங்கிக்கொள்ளும் இன்னொரு வகை ஆசனத்தை அவர்கள் கையாளுகிறார்கள்.

அது வேறொன்றும் இல்லை; நம் வீட்டுக் கயிற்றுக் கட்டில்தான்! சட்டம் இருக்கிறது, அதில் கயிறு பின்னியிருக்கிறது, மனிதன் கயிற்றில் தொங்குகிறானே தவிரச் சட்டத்தின் மேல் படுப்பதில்லை. மரச் சட்டத்துக்குப் பதில், ஓர் அங்குல விட்டமுள்ள எஃகுக் குழாயை வளைத்துப் பற்றவைத்த சட்டம். கயிற்றுக்குப் பதில், ஓரமெல்லாம் பித்தளைக் கண்கள் அடித்த உறுதியான நைலான் துணி. அதைச் சட்டத்தோடு இழுத்துப் பிணைப்பதற்கு நைலான் கயிறு. துணியின் மேல் இரண்டு தரமான நுரை: அடியில் கெட்டியானது, மேலே மெல்லியதாக ஒரு மிருதுவான அடுக்கு.

ஒருவருக்கென்று செய்வதில் உள்ள சிரமம், அளவு எடுப்பதில்தான். தலைக்கவசத்தையும் பந்தய உடுப்பையும் போட்டுக்கொண்டு அவர் உட்கார வேண்டும். இடுப்பின் அகலம், தொடையின் நீளம், தோளின் உயரம் மூன்றையும் குறித்துக் கொள்ளுகிறார்கள். தொடையைத் தாங்குவதற்காக ஆசனத்தின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்க வேண்டும். வண்டி பக்கவாட்டில் ஆடும்போது உடம்பை அணைத்துக்கொள்ள, விலாவிலும் தொடையிலும் கரை கட்டுகிறார்கள். கரை அதிகமாகி விட்டால் அவசரத்தில் இறங்க முடியாது.

மிக முக்கியமான அளவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. துணி தொங்கித் தாழும் இடத்துக்கு நேர் கீழே குறுக்குக் குழாய் எதுவும் போகக் கூடாது. சட்டம் உறுதியாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு ஒரு குழாயைப் பற்றவைத்துவிட்டால், வண்டி பாய்ந்து விழும்போது வால் எலும்பு போய் மோதுகிற இடம் அதுவே. ஆளின் எடையைப் போல் மூன்று மடங்கு மணல் மூட்டைகளை ஆசனத்தில் அடுக்கி, குனிந்து அடியிலே எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்று பார்த்துவிடுவது உத்தமம்.

பெல்ட் விஷயத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். இடுப்புக்கு இரண்டு, தோளுக்கு இரண்டு, தொடைகளின் நடுவே ஒன்று என்று ஐந்து வார்கள். இவற்றை ஆசனத்தில் கட்டாமல் வண்டியின் இரும்புக் கூண்டிலேயே பிணைக்கிறார்கள். இடுப்பு வார் வயிற்றின் மேல் அல்ல, இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். தோள் வார் பின்னால் போய்ச் சேருகிற இடம் தோளின் மட்டத்திலோ சற்றே தாழவோ இருக்கலாம். வெகு தாழ்வாகத் தரையில் கொண்டுபோய்க் கட்டினால், மோதும் சமயத்தில் அந்த வாரே தோளைக் கீழே அழுத்தி முதுகெலும்பை நொறுக்கும். கத்தரிக்கோல் ஆசனத்தில் இன்னொரு சங்கடம்: வார் தரையிலும் ஆசனம் வில்லிலும் இருந்தால், ஆசனம் இறங்கும்போது வார் தளர்கிறது, ஏறும்போது தோளைப் பிடித்து இழுக்கிறது. வாரை ஆசனத்திலேயே கட்டினாலோ, விபத்தின் முழு விசையையும் அந்த மெல்லிய கைகள் தாங்க வேண்டும். லாரிகளில் ஆசனத்தையே தனியாக ஒரு வாரினால் தரையோடு கட்டி வைப்பது இதற்காகத்தான். கொட்டகையில் வேலை செய்கிறவர், கயிற்று ஆசனத்தைத் தாமே தாராளமாகச் செய்து கொள்ளலாம். கத்தரிக்கோல் அமைப்பை மட்டும், சோதித்து விற்கிறவர்களிடம் வாங்கிக்கொள்ளுவதே புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம்.

நைலானுக்கு வெயில் சத்துரு. பளபளப்பு மாறாத துணியும் வாரும்கூட வெயிலில் கிடந்து பலம் இழந்திருக்கும். சில அமெரிக்கப் பந்தய விதிகளின்படி வார்களை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். கயிற்றுக்கு அவ்வளவு காலம்கூடப் பொறுக்க முடியாது. புதுக் கட்டில் நாலு நாள் படுத்தவுடன் தொய்ந்து போவது நமக்குத் தெரிந்ததுதானே? புது ஆசனமும் முதல் ஓட்டத்திலேயே தொய்ந்துவிடும். வண்டி திரும்பி வந்ததும் மெத்தையை எடுத்துவிட்டு, கயிற்றை ஒரு கோடியிலிருந்து கண் கண்ணாக இழுத்து இறுக்கி, மறுபடியும் முடிச்சுப் போட வேண்டும்.