நூறு வரை எண்ணினால் களைப்பு மறப்பது ஏன்?

2003இல் 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் மாரத்தான் ஓடி பெண்களுக்கான உலக சாதனை படைத்த பவுலா ராட்கிளிஃப், ஓடும்போது மனத்துக்குள் நூறு வரை எண்ணுவார். மூன்று முறை எண்ணினால் ஏறத்தாழ ஒரு மைல். கால் களைப்பு அப்படியேதான் இருக்கும். அதைக் கவனிக்கத்தான் மூளைக்கு இடமில்லை. கவனம் ஒரு சமயத்தில் கொஞ்சத்தையே தாங்கும், அதை எண்கள் நிரப்பிவிடுகின்றன. இலக்கு நெருங்க நெருங்க முனைப்பும் கூடும்: 42 கிலோமீட்டர் மலைக்க வைக்கும், நூறு வரை எண்ணுவது யாராலும் முடியும்.

நடைக்கும் இதுவே பொருந்தும். பழனி பாதயாத்திரையில் ஒருவர் குரல் கொடுக்க, கூட்டமே 'அரோகரா' என்னும்போது எட்டுகள் தாமாகவே தாளத்தில் விழுகின்றன, களைப்பைக் கவனிக்க இடமில்லாமல் போகிறது.

ஆனால் முழங்காலில் சுருக்கென்று குத்தினால் எண்ணுவதை நிறுத்தி உட்கார்ந்துவிடுங்கள். அது களைப்பல்ல.